மூன்றாவது குட்டிக்குப் புட்டிப்பாலா?

தட்டோன், பர்மா,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். மாண்டலேயில் நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் பேரனின் காதுகுத்துக்கு வராததற்கு மன்னித்துவிடு. இப்போது எழுதுவது வேறொன்றைச் சொல்வதற்காக. எங்கள் ஆடு கறுப்பி மூன்று குட்டிகளை ஈன்றிருக்கிறது.

சிரிக்காதே. ஆடு வளர்ப்பது மெய்த்திலா, மாக்வே போன்ற வறண்ட சீமைக்காரர்களின் தொழில், கொட்டும் மழையில் தட்டோன்காரனுக்கு அது எதற்கு என்று சென்ற கடிதத்திலேயே நீ ஏசியிருந்தாய். ஏசியது நியாயம்தான். பரணை எவ்வளவு உயர்த்திப் போட்டாலும் ஈரம் ஏறிவிடுகிறது. ஈரத்தில் படுத்த குட்டிக்கு நெஞ்சில் சளி கட்ட ஒரே இரவு போதும்.

முதல் இரண்டும், ஒரு கிடாவும் ஒரு பெட்டையும், விழுந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நின்று மடியைத் தேடிப் போய்விட்டன. தாயும் அவற்றை நக்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வந்த மூன்றாவது, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத கிடாக்குட்டி, எழவே இல்லை. கறுப்பி அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு முதல் இரண்டிடம் திரும்பிவிட்டது. என் மனைவி உடனே நீ வாங்கிக் கொடுத்த லுங்கியைக் கிழித்து அதைத் துவட்டத் தொடங்கினாள். கிழிப்பதற்கு என் லுங்கிகளில் அவள் கைக்கு எப்போதும் நல்லதுதான் அகப்படும். தொப்புளில் அயோடின் தடவிவிட்டு வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வாய் சில்லென்றிருந்தது, விரலைச் சப்பவும் இல்லை.

அந்த நிலையில் பாலை ஊற்றிவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் கை துடிக்கும். ஆட்டுக்குட்டியின் உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 37-க்கும் கீழே இறங்கிவிட்டால் ஊற்றும் பால் செரிக்காது, விழுங்கும் பலமில்லாத குட்டிக்கு அது நுரையீரலுக்குள்ளும் போய்விடும். ஆகவே வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி இருபுறமும் அணைத்துவைத்து, வாய் சூடேறி விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே கறுப்பியிடமிருந்து பீச்சிய சீம்பாலை ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். ஆட்டின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போது குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பால் வழியாக மட்டுமே சேரும். அதை உறிஞ்சும் ஆற்றலும் குட்டியின் குடலில் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். அதற்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும். எங்கள் பொடியனுக்கு அது 150 மில்லிகூட இல்லை. ஆனாலும் அதை ஊட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மடியில் காம்பு இரண்டு, குட்டி மூன்று. பெரியவை இரண்டும் முட்டித் தள்ளியதில் சிறியது வெறுங்காற்றைச் சப்பிக்கொண்டு நின்றது. தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்குள் வைத்து முழுக்கப் புட்டிப்பாலிலேயே வளர்த்துவிடலாம் என்றாள் மனைவி. டீக்கடை மாமா வந்து, கொதிநீரில் சர்க்கரை சேர்த்த டின்பால் கரைத்துக் கொடுங்கள், நான் பாதி ஊரை அதில்தானே வளர்த்தேன் என்றார். அவ்வளவு சர்க்கரை ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்குள் போனால் கழிச்சல்தான் மிஞ்சும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவருக்கு வருத்தம், இப்போது என் டீயில் டின்பாலைக் குறைத்துவிட்டார்.

மனைவியை அப்படி அனுப்ப முடியுமா? அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. தாய் செத்துப்போனாலோ, மடி வீங்கிப் பால் கெட்டாலோ, தாய் குட்டியை முட்டி விரட்டினாலோ புட்டியைத் தவிர வேறு வழியில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கறுப்பி முட்டவில்லை, கண்டுகொள்ளாமல்தான் இருந்தது. குட்டியை ஓரிரு நாள் பிரித்துவைத்தால் வாசனை மாறி, பிறகு அண்டவே விடாது. அது மட்டுமா? முதல் வாரத்தில் இரவும் பகலுமாக நாலைந்து வேளை பாலைக் காய்ச்சி, உடல் சூட்டுக்கு ஆற்றி, ஒவ்வொரு முறையும் புட்டியைக் கொதிநீரில் கழுவ வேண்டும். மின்சாரம் வரும் நேரம் எது, போகும் நேரம் எது என்று தெரியாத இந்த ஊரில் அதை எத்தனை நாள் இழுக்க முடியும்? இதைவிட எனக்குப் பெரிய கவலை, இது கிடாவாயிற்றே என்பதுதான். மனிதன் கையில் பால் குடித்து வளர்ந்த கிடா மனிதனுக்கு அஞ்சாது. பருவம் வந்ததும் நம்மையே எதிரிக் கிடாவாக எண்ணி முட்டும். இன்று மடியில் தூங்குகிறவன் அடுத்த ஆண்டு என் முழங்காலைப் பதம் பார்ப்பான் என்றேன். ‘உங்கள் முழங்கால் இப்போது மட்டும் என்ன வாழ்கிறது?’ என்றாள்.

இதை அவளிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். சின்னவளும் மாப்பிள்ளையோடு தாய்லாந்துக்குப் போன பிறகு இந்த வீட்டில் இரவில் யாரும் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. குட்டியின் நெற்றியில் அவள், பிள்ளைகளுக்குப் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசிவிட்டிருப்பதைப் பார்த்த பிறகு என்னால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே குட்டி தாயோடுதான் இருக்கும். புட்டி துணைக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். வேளைக்கு வேளை கறுப்பியைக் கட்டிவைத்து, பெரியவை இரண்டையும் கூடையால் மூடிவிட்டு, சிறியவனை முதலில் மடியில் விடுகிறோம். வயிறு நிறையவில்லை என்றால் மட்டும் பசும்பால். புட்டியைக் கொடுக்கும்போது குட்டியை மல்லாத்தக் கூடாது; நின்றபடி கழுத்தை நிமிர்த்திச் சப்பினால்தான் உணவுக்குழாயின் அடியிலுள்ள பள்ளம் மூடிக்கொண்டு, பால் அசைபோடும் வயிற்றில் விழாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகும். மனைவியோ பிள்ளையைப் போல மடியில் கிடத்தியே கொடுக்கப் பார்க்கிறாள். நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேட்கிறதே என்று கூடுதலாக ஊற்றுவதும் கூடாது. வயிறு உப்பிச் செத்த குட்டிகளை உன் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

தினமும் தராசில் நிறுக்கிறேன், எடை ஏறுகிறது. ஆனால் தராசைவிட எனக்கு நம்பிக்கை தருவது, பால் நிறைந்த குட்டி தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டிச் சோம்பல் முறிப்பதுதான். கூனிக் குறுகி எழுகிற குட்டிக்குப் பால் போதவில்லை என்று பொருள். சத்தம் போடுகிற குட்டியைவிடச் சத்தமே போடாத குட்டியைத்தான் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று எங்கள் பொடியன் முதுகையும் முறித்தான், அண்ணனையும் முட்டினான். கறுப்பியும் இப்போது அவன் வாலடியை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலை அகட்டி நிற்கிறது.

உன்னிடம் இரண்டு உதவிகள் கேட்கிறேன். உங்கள் பக்கம் ஆடு வளர்ப்போர் அதிகம். தடித்த ரப்பர் காம்பு கிடைத்தால் பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பது பிள்ளைகளுக்கான மெல்லிய காம்பு. அதை அவன் கீழ்ப்பற்களாலேயே கிழித்துவிடுகிறான், கிழிந்த துளையில் பால் பீறிட்டுப் புரையேறுகிறது. மற்றொன்று, கிடாவுக்குக் காயடிப்பதை எந்த வயதில் செய்கிறீர்கள் என்று விசாரித்து எழுது. பதிலைத் தனித் தாளில் எழுதி உள்ளே மடித்து வை. உன் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பது யார் என்பது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்