அந்தக் கடிதத்தை ஆசிரியரே எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் பத்தொன்பது வருஷமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ப்ளஸ் டூ முடிவு வந்ததும் கலந்தாய்வுப் பதிவு, அப்புறம் டி.என்.பி.எஸ்.சி., இடையில் பாஸ்போர்ட், பான் கார்டு என்று வருஷம் ஓடிவிடும். இவற்றோடு, கேட்பவர்களுக்கு ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதமும் அடித்துக் கொடுத்து வந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாணவர் தன் ஆசிரியரிடம் போய்க் கடிதம் கேட்பார். "நீயே அடிச்சுக்கிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார் ஆசிரியர். மாணவர் நேராக என் கடைக்கு வருவார். என் கணினியில் அதற்கென்றே ஒரு ஃபைல் இருந்தது. பெயர், படிப்பு, வருஷம் மூன்றையும் மாற்றினால் கடிதம் தயார். 'இவரை நான் நன்கு அறிவேன். நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, எடுத்த காரியத்தை முடிப்பவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' முப்பது ரூபாய். எத்தனை பேருக்கு அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அது தப்பென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன கார்த்திகையில் குன்றக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எம்.எஸ்சி. நிலவியல் முடித்தவள். அமெரிக்காவில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். புவி, கோள் அறிவியலில் முனைவர் பட்டம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பூமிக்கும் மற்ற கோள்களுக்கும் ஒரே துறையா என்று கேட்டேன்.

அவள் எங்கள் ஊருணிப் படிக்கட்டில் இருக்கும் செம்புறாங்கல்லை உதாரணமாகச் சொன்னாள். பாறை மேல் காலங்காலமாக மழை பெய்து, கரைகிறதெல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கினால் அதுதான் செம்புறாங்கல். மண்ணுக்குள் இருக்கும்வரை கோடரியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிப்போகும். அவளுடைய தாத்தா அந்தக் கல் வெட்டியவர். "செவ்வாய் சிவப்பா இருக்கிறதும் இரும்புத் துருவாலதான் அக்கா. அங்கயும் ஒரு காலத்துல தண்ணி ஓடியிருக்கு, களிமண் இருக்கு. தண்ணி பாறையை என்ன பண்ணுதுன்னு இங்க படிச்சா அங்க நடந்ததும் புரியும்" என்றாள். நான் பிறந்ததிலிருந்து மிதித்து இறங்குகிற படி அது. அன்றைக்குச் சாயங்காலம் போய் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன், துளைத்துளையாக, விரலில் செம்மண் ஒட்டியது.

அவளுடைய அப்பாவுக்கு, நிலாவுக்கும் செவ்வாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்று வெள்ளைப் பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டு நிலமும் அந்த வகைப் பாறைதான். சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தபோது அந்த ஊர்ப் பாறையைத்தான் அரைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 இறங்கிய பிறகு, அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் செய்து அனுப்பிய கருவி, இறங்கிய இடத்து மண்ணும் அதே இனம் என்று காட்டியது. அப்பா வாயடைத்துப் போனார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பணம் பற்றி அவர் பயந்ததும் நியாயமான பயம்தான். வெளிநாட்டுப் படிப்பென்றால் வீட்டை அடமானம் வைக்க வேண்டும் என்றுதான் எங்கள் பக்கம் நினைக்கிறோம். அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவில் சேர்த்துக்கொண்டால், பொதுவாகக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாதச் செலவுக்கும் உதவித்தொகை தருகிறது. அதற்குப் பதிலாகப் பாடம் நடத்த உதவ வேண்டும், இல்லையென்றால் ஆய்வில் வேலை செய்ய வேண்டும். நம் கையிலிருந்து போவது விண்ணப்பக் கட்டணமும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும். அதுவே லேசான தொகை இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு மட்டும் பதினாறாயிரத்துக்கு மேல் கட்டினாள். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. விண்ணப்பம் போடும்போதே பல்கலைக்கழக முத்திரை போட்ட மதிப்பெண் சான்று வேண்டும் என்று பலர் அலைகிறார்கள். பல இடங்களில் அப்போதைக்கு ஸ்கேன் போதும், முத்திரை போட்டதை இடம் கிடைத்த பிறகு அனுப்பினால் சரி.

இன்னொன்று, கடைக்காரியாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி இருந்தால் பின்னால் பெரிய தொல்லை. பாஸ்போர்ட் எடுக்கும் அன்றைக்கே இதை யோசிக்க வேண்டும்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று ஆசிரியர்களின் கடிதம் வேண்டும். காகிதத்தில் வாங்கி அனுப்புவதில்லை. ஆசிரியரின் மின்னஞ்சலைப் படிவத்தில் கொடுத்தால் அவருக்கே ஒரு லிங்க் போகும், அவரே திறந்து எழுதி ஏற்ற வேண்டும். மின்னஞ்சலைக் கொடுக்கும் இடத்தில் மாணவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. 'இந்தக் கடிதத்தைப் பின்னால் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?' விட்டுக்கொடுத்தால்தான் கடிதத்தை முழுதாக நம்புவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆம் என்று டிக் செய்யப் போனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று கடிதங்களில் இரண்டு அப்போது என் கணினியில்தான் இருந்தன. அவள் எழுதி, நான் அடித்தவை.

ஆம் என்றே டிக் செய்தாள். வேறு வழி இல்லை.

அதற்கடுத்தது இன்னும் கஷ்டம். ஓர் ஆசிரியர் தன்னுடைய மின்னஞ்சல் பாஸ்வேர்டையே அவளிடம் கொடுத்து, லிங்க் வந்ததும் நீயே ஏற்றிவிடு என்று சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை, அவளை நம்பித்தான் கொடுத்தார். திறந்தால், கடிதத்துக்கு முன்னால் ஒரு கட்டம். 'நீங்கள் பாடம் நடத்திய மாணவர்களில் இவர் எந்த இடம்? முதல் ஐந்து சதவீதமா, பத்தா, இருபத்தைந்தா?' ஆய்வுத் திறன், நேர்மை, எழுத்து என்று வரிசையாக. ஆசிரியரின் பெயரில் அவள் தன்னையே எடைபோட வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "எல்லாத்துலயும் முதல்லயே போடும்மா" என்றேன். "இல்லக்கா, அது பொய்யாயிடும்" என்று இரண்டாவது இடத்தில் போட்டாள். 'நேர்மை' வந்தபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

பங்குனிக்குள் நான்கு இடத்திலிருந்தும் இல்லை என்று வந்துவிட்டது. விண்ணப்பத்துக்கு முன்பே அவளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த ஒரு பேராசிரியருக்கு (இந்தத் துறையில் முதலில் பேராசிரியருக்கு எழுதி, அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்கிறார்கள்) என்ன குறை என்று எழுதிக் கேட்டாள். இரண்டே வரியில் பதில். அவளுடைய கட்டுரை நன்றாக இருந்ததாம். ஆனால் கடிதங்களைப் படித்தால் அவள் எப்படி வேலை செய்வாள் என்று ஒன்றும் தெரியவில்லையாம்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இந்த ஆனியில்தான் விளங்கியது. அவளுக்குப் பாடம் எடுத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், இளவயது அம்மா, அடுத்த விண்ணப்பத்துக்காகத் தானே இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதி, பிரிண்ட் எடுக்க அவரே வந்தார். அதில் நல்லொழுக்கம், கடின உழைப்பு என்ற வார்த்தையே இல்லை. ஒரு சம்பவம் இருந்தது. எம்.எஸ்சி. ஆய்வுக்காக அந்தப் பெண் 32 கிணறுகளில் தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனை அளந்தாள். எல்லாம் முடிந்த பிறகு மீட்டரை அதற்கென்று உள்ள கரைசலில் மறுபடி முக்கிப் பார்த்திருக்கிறாள். மீட்டர் சரியாக இருந்தால் 25 டிகிரி வெப்பத்தில் 1413 என்று காட்ட வேண்டும். குறைத்துக் காட்டியது. எந்தக் கிணற்றிலிருந்து மீட்டர் தப்பாகக் காட்ட ஆரம்பித்தது என்று தெரியாது. யாரும் கேட்கப்போவதும் இல்லை, ஆய்வேட்டைக் கொடுக்க இருந்ததோ பதினோரு நாள். அவள் அந்த எண்களை முழுக்க நீக்கிவிட்டு, சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் போய் 32 கிணற்றையும் திரும்ப அளந்தாள், ஒவ்வொரு நாள் காலையிலும் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு. 'இதை அவளிடம் நான் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள்' என்று அந்த அம்மா எழுதியிருந்தார். எளிய ஆங்கிலம், ஒரே பக்கம்.

இத்தனை நாள் கடைக்கு வந்து போகிறவள், இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. தன் கடிதத்தைத் தானே எழுதியபோதும் எழுதவில்லை. எப்படி எழுதுவாள்? தன்னைப் பற்றி யார்தான் அப்படி எழுதுவார்கள்?

எங்கள் ஊரில் சிபாரிசுக் கடிதம் என்றால் பெரிய மனிதர் ஒருவர் லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி, பையனுக்கு வேலை போட்டுக் கொடுங்கள் என்பது. நம் ஆசிரியர்களும் அந்த அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். தன் கையெழுத்துக்குத்தான் மதிப்பு, உள்ளே என்ன இருந்தால் என்ன என்று. அங்கே கேட்பது சாட்சி. பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்ன பார்த்தார் என்று கேட்கிறார்கள்.

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளம் என்ன என்று அவர்களுடைய விண்ணப்பங்களையும் அடித்துக் கொடுக்கிற எனக்குத் தெரியும். வகுப்பில் அறுபது பேர், தாள் திருத்தம், தேர்வு வேலை. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமும் பலருக்கு உண்டு. ஆனால் வெளிநாட்டு முனைவர் பட்டத்துக்கென்று கடிதம் கேட்டு ஒரு வருஷத்தில் ஓர் ஆசிரியரிடம் எத்தனை பேர் வருவார்கள்? இரண்டு பேர், மூன்று பேர். மாணவர் தான் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுக்கட்டும், அதில் தவறில்லை. அதைப் பார்த்து, தான் கண்ணால் கண்டது ஒன்றை நினைவுபடுத்தி ஆசிரியர் எழுதட்டும். பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். கல்லூரிகளும் ஆசிரியர்களுக்குக் கல்லூரிப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், அந்தக் கடிதத்துக்கு நம்பகம் கூடும்.

உங்கள் கல்வி இணைப்பை வாரம் தவறாமல் கடையில் வாங்கி வைக்கிறேன். மருத்துவம், பொறியியல் எல்லாம் வருகிறது. இந்தத் துறையைப் பற்றியும் ஒரு பக்கம் போடுங்கள். வெளிநாடுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. இங்கேயே ஆய்வு செய்ய எழுதுகிற சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவது தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பெரிய தடை, அதையும் சேர்த்து எழுதுங்கள். அவளும் அதற்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

என் கணினியில் இருந்த அந்த ஃபைலை ஆடியில் அழித்துவிட்டேன். பரிந்துரைக் கடிதம் அடிக்க மாணவர்கள் வந்தால் இப்போது திருப்பி அனுப்புகிறேன், சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். ஆசிரியர் யாராவது கையால் எழுதிக்கொண்டு வந்தால், தமிழில் எழுதியிருந்தாலும் சரி, ஆங்கிலத்தில் ஆக்க உதவி செய்து காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன்.

அந்தப் பெண் இந்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கிறாள். முதல் கெடு டிசம்பர் 1. இரண்டு கடிதங்கள் உறுதியாகிவிட்டன. மூன்றாவதற்குப் பாஸ்வேர்டு கொடுத்த அந்த ஆசிரியரையே வருகிற சனிக்கிழமை பார்க்கப் போகிறாள். கிணற்றுக் கணக்கு நோட்டையும், ஒரு பக்கக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
காரைக்குடி.

(என் பெயரைப் போட்டால் அந்தப் பெண் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயர் வேண்டாம்.)