4096 எழுத்தில் மாட்டிக்கொண்ட கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்ணாடிக்கு பவர் ஏறியிருக்கிறது, மற்றபடி நலம்.

ஒவ்வொரு ஆன்லைன் கோர்ஸுக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி அலுத்துவிட்டது, பொதுவாக ஒரு கருவித்தொகுப்பு செய்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் பாடங்களையே துண்டு துண்டாக வெட்டி, எந்தக் கோர்ஸிலும் பொருத்திக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். 'போன பாடத்தில் பார்த்தோமே' என்று எழுதக் கூடாது, உதாரணம் எந்தத் துறையையும் சாரக் கூடாது என்றெல்லாம் விதி போட்டேன். கடைசியில் எங்கும் பொருந்துகிற, யாருக்கும் மனதில் ஒட்டாத பாடங்கள்தான் கிடைத்தன. சூழலோடு சேர்ந்த பாடம் நன்றாகக் கற்பிக்கும், ஆனால் அந்த அளவுக்கு வேறிடத்தில் உதவாது என்று கல்வித்தொழில்நுட்ப ஆய்வாளர் டேவிட் வைலி எப்போதோ சொல்லிவிட்டார். படித்திருந்தேன், நமக்கு அப்படி ஆகாது என்ற நினைப்பு!

அப்புறம் பாடத்தை ஆசிரியர்களிடமே விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேள்வியைக் காட்டுவது, மதிப்பெண் போடுவது, எந்தப் பக்கம்வரை வந்தார் என்று நினைவில் வைப்பது. கணக்குப் பாடமோ இலக்கணமோ, இவற்றுக்குக் கவலை இல்லை.

அந்த நினைவில் வைக்கும் பகுதிதான் என்னைப் படுத்தியது. கோர்ஸும், அதை மாணவருக்குத் திறந்து காட்டும் தளமான எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ள ஸ்கார்ம் என்று ஒரு பொதுத் தரம் உண்டு. 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. மாணவர் பாதியில் விட்ட நிலையைச் சேமிக்க அது தரும் இடம் 4096 எழுத்துதான். நானோ ஒவ்வொரு பக்கத்தின் பெயர், விடை, நேரம் எல்லாவற்றையும் ஜேசன் என்ற உரை வடிவத்தில் விரித்துச் சேமித்தேன். சின்னக் கோர்ஸில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய கோர்ஸில் பாதி தாண்டியவர்கள் மறுநாள் வந்தால் முதல் பக்கத்தில் நின்றார்கள். எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தரவு வால் அறுந்து போயிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள். இப்போது பக்கத்துக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான்.

ஓரிடத்தில் திருத்தினால் எல்லாக் கோர்ஸும் சரியாகிவிடும் என்றுதானே பொதுக்கருவி செய்கிறோம்? ஸ்கார்மில் அப்படி இல்லை. கோர்ஸ் ஜிப் கோப்பாகப் போய் ஒவ்வொரு எல்எம்எஸ்ஸிலும் தனிப் பிரதியாக உட்கார்ந்திருக்கிறது. பதினொரு இடத்தில் மறுபடி ஏற்றினோம். அதுவும் பழைய முறையில் சேமித்தவர்களின் தரவையும் புதியது படிக்க வேண்டுமே! அன்றிலிருந்து சேமிக்கும் தரவின் முதல் எழுத்தே பதிப்பு எண். நீ முதல் நாளே இதைச் செய்துவிடு.

கருவியை நம் சர்வரிலேயே வைத்து, எல்டிஐ என்ற இணைப்புத் தரத்தின் வழியாக எல்எம்எஸ்ஸிலிருந்து திறக்க வைத்தால் இந்த அலைச்சல் குறையும். ஆனால் சர்வர் படுத்தால் எல்லாக் கோர்ஸும் சேர்ந்து படுக்கும். எனக்கு அது பரவாயில்லை, உன் வாடிக்கையாளர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக்கொள்.

கேள்விகளை நிரலுக்குள் வைக்காதே. மூடுல் என்ற எல்எம்எஸ்ஸில் கேள்விகளை எழுதும் கிஃப்ட் வடிவம் வெறும் உரைதான்: சரியான விடைக்கு முன் சமக்குறி, தவறானதற்கு முன் நெளிகோடு (~). ஆசிரியர்களே அரை மணியில் பழகிவிட்டார்கள். இழுத்துப் பொருத்தும் பயிற்சி, இடையில் கேள்வி கேட்கும் வீடியோ போன்றவை ஹெச்5பி என்ற கருவியில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை எழுத உட்காராதே. நான் உட்கார்ந்தேன், ஒரு மாதம் போயிற்று.

மற்றபடி, ஒரே வேலையை மூன்றாவது தடவை எழுதும்போதுதான் அதைப் பொதுவாகப் பிரித்தெடுக்கிறேன். இரண்டு கோர்ஸை வைத்துப் பொதுமை எது என்று ஊகித்தால் பெரும்பாலும் தப்பாகிறது, கருவியின் செட்டிங்குகள் மட்டும் நாற்பதாகப் பெருகுகின்றன.

சரி, உன் கடைசி மூன்று கோர்ஸின் மதிப்பெண் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்