பழைய புல்லட்டுக்கு எந்த டயர்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஓர் அண்ணன், தன் வாப்பா ஓட்டிய புல்லட்டோடு வந்தார். கையில், காகிதச் சுற்றுகூடப் பிரிக்காத பழைய டயர் ஒன்று. "வண்டி வாங்கினப்ப எடுத்து வெச்சது. ஒரு நாள்கூட ஓடல. ஒரிஜினல். இதையே மாட்டுங்க" என்றார். நாங்கள் மாட்டவில்லை. அவருக்குக் கோபம்தான். இதே பேச்சு மாதம் இரண்டு தடவையாவது நடப்பதால், எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

ஓடாத டயர் புது டயர் ஆகிவிடாது. ரப்பர் சும்மா கிடந்தாலும் காயும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதைச் சுண்டவைத்து, பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடவைக்கும். காற்றடித்தால்தான் அது கண்ணில் படும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 0824 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 8ஆவது வாரம் செய்தது. அண்ணனுடையதில் மூன்றே இலக்கம். 2000க்கு முன்னால் செய்தது.

எங்கள் கணக்கில் ஒரிஜினல் என்பது அளவும், தரையில் படும் பக்கத்தின் வரி வடிவமும்தான். பழைய புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அது கிடைக்காதபோது முன்பக்கம் 90/90-19 போடலாம். பழைய அளவில் டயரின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், 3.25 அங்குலம் என்பது 82.5 மில்லிமீட்டர். 90/90 என்றால் அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81. சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய அப்படியே நிற்பதால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அகலத்துக்கு ஆசைப்பட்டால்தான் வம்பு. ஒரு தம்பி கேட்டாரே என்று பின்னால் 4.00 மாட்டிக் கொடுத்தோம். தங்கச்சிமடம் போவதற்குள் செயின் கவரில் உரசி ஓரம் சிராய்த்துவிட்டது. தப்பு எங்களுடையது, வேறு டயர் எங்கள் செலவில் போட்டோம்.

முன்னால் நீளவாக்கில் வரி ஓடும் ரிப் டயர், பின்னால் கட்டை கட்டையாகப் பிரிந்த பட்டன் டயர். ரிப் வண்டியை நேராக இழுத்துப் போகும். இரண்டிலும் பட்டன் போட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தால் ரிப் வழுக்கும். அங்கே மெதுவாகப் போங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, 2.50-18, 2.75-18 எப்போதும் இருக்கும். பழைய ஜாவா பைக்கின் 3.25-16 மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வரவழைக்க முடியும்.

டயர் மாற்றும்போது டியூபையும், ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே சுற்றும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்வது வியாபாரத்துக்காக இல்லை. நம் ஊர் உப்புக்காற்றில் ரிம் உள்ளே துருப்பிடித்து, போக்ஸ் கம்பியின் முனை டியூபைக் குத்தும். வெளியிலிருந்து கருவேல முள் குத்துவது போதாதா? "டியூப்லெஸ் போடுங்க" என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கம்பி வீலில் டியூப் இல்லாமல் காற்று நிற்காது.

சபுருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போகிறீர்கள். பின் சக்கரம் தூக்கி நிற்கும், முன் டயர் தரையில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். வீட்டில் யாரையாவது மாதம் ஒருமுறை காற்றடித்து, முன் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

டயர் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுபவர்கள் வண்டியின் படத்தை விட்டுவிட்டு, இப்போதுள்ள டயரில் அளவும் அந்த நான்கு இலக்கமும் தெரிகிற மாதிரி படம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடை, இராமநாதபுரம்

பி.கு.: கீழக்கரை அண்ணனுக்கு, உங்கள் பழைய டயர் எங்கள் கடையிலேயே இருக்கிறது. கோபத்தில் மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.