கோர்பின் மீதான குற்றச்சாட்டும் ஆணைக்குழு சொன்னதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சென்ற இதழில் ஜெரமி கோர்பினைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவர் தலைமையில் பிரித்தானியத் தொழிற்கட்சி மீது எழுந்த யூத வெறுப்புக் குற்றச்சாட்டுகள் முழுவதும் எதிரிகள் கட்டிய கதை என்றும், பிரித்தானியாவின் சமத்துவ மனித உரிமைகள் ஆணைக்குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது நடக்கவே இல்லை. நீண்ட காலமாக லண்டனில் வாழ்ந்து, ஒவ்வொரு தேர்தலிலும் தொழிற்கட்சிக்கே வாக்களித்து வந்தவன் நான்; அதனாலேயே பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஆணைக்குழுவின் அறிக்கை 2020 அக்டோபர் 29 அன்று வெளிவந்தது. கோர்பின் மனதளவில் யூத வெறுப்பாளரா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அது அதன் வேலையும் அல்ல. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைக் கட்சி மீறியதா என்பதே கேள்வி. முறைப்பாடுகளின் விசாரணையில் அரசியல் தலையீடு, விசாரிப்பவர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்காமை, கட்சியின் சார்பில் இயங்கிய இருவர் யூத உறுப்பினர்களைத் துன்புறுத்தியமை ஆகிய மூன்று வகையிலும் மீறியது என்பதே அதன் முடிவு. ஆராயப்பட்ட 70 கோப்புகளில் 23 இடங்களில் தலைவரின் அலுவலகமோ பிறரோ தலையிட்டிருந்தார்கள். அதே கட்சி, பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடுகளுக்குத் தனியான, ஒழுங்கான நடைமுறையை அதே காலத்தில் உருவாக்கியிருந்தது என்பதையும் அறிக்கை எடுத்துக் காட்டுகிறது. மனம் வைத்திருந்தால் செய்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். ஒரு தொழிற்சங்கத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த எவருக்கும் இந்த வலி புரியும்.

அந்த இருவரில் ஒருவர் முன்னாள் லண்டன் நகரபிதா கென் லிவிங்ஸ்டன். அவர் துன்புறுத்தியதாக ஆணைக்குழு கண்டது எதனால் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். சக உறுப்பினர் ஒருவரின் பதிவுகளைப் பற்றி யூதர்கள் எழுப்பிய புகாரை, இஸ்ரேல் ஆதரவாளர்களின் அவதூறுப் பிரசாரம் என்று அவர் ஒதுக்கித் தள்ளினார். தங்கள் கட்டுரை செய்வதும் ஏறத்தாழ அதையேதான்.

சுவரோவிய விவகாரத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போகிறது. 2012இல் கிழக்கு லண்டனில் பிரிக் லேனை அடுத்த ஹன்பரி வீதியில் வரையப்பட்ட அந்த ஓவியத்தில் வயதான செல்வந்தர்கள் சிலர் ஒரு விளையாட்டுப் பலகையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாங்கி நிற்பவை குனிந்து கிடக்கும் மனிதர்களின் வெற்று முதுகுகள். பின்னால் ஒரு பிரமிட்டும் அதன் உச்சியில் ஒரு கண்ணும். முகங்களில் சிலவற்றின் மூக்கும் தாடியும் யூதர்களை இழிவுபடுத்திய 1930களின் ஜெர்மானியக் கேலிச்சித்திரங்களைப் பார்த்தவருக்குப் புதியவை அல்ல. அது அழிக்கப்படவிருக்கிறது என்று ஓவியர் முகநூலில் முறையிட்டபோது, ஏன் என்று கேட்டு, அமெரிக்கச் செல்வந்தர் ரொக்கஃபெல்லர் அழித்த, மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியத்தை நினைவூட்டி ஆறுதல் சொன்னவர் கோர்பின். 2018 மார்ச்சில் அவரது கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் லுசியானா பெர்ஜர் இதைப் பற்றிக் கேட்ட பிறகே, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் வருத்தம் தெரிவித்தார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி ஓடிவந்த யூதர்கள் குடியேறிய தெருக்கள் அவை. 1936இல் பிரித்தானியப் பாசிசத் தலைவர் மோஸ்லியின் கருஞ்சட்டையினரை மக்கள் மறித்து நின்ற கேபிள் வீதி அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் இடதுசாரி ஒருவரின் கண்ணில் அந்தப் படம் உறுத்தவில்லை என்பது சிறிய விஷயமன்று. பெர்ஜர் 2019 பெப்ரவரியில் கட்சியை விட்டே வெளியேறினார்.

நமக்காகப் பாராளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் என்பதால் கோர்பின் மீது ஈழத்தமிழருக்குப் பெரும் மதிப்பு உண்டு. எனக்கும் உண்டு. அந்த நன்றி, இன்னொரு சிறுபான்மையினர் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. கட்டுரையில் ஓரிடத்தில் ‘யூதர்களின் பணபலமும் ஊடக பலமும்’ என்று வருகிறது. அதைப் படித்தபோது உண்மையிலேயே திடுக்கிட்டேன். ‘டயஸ்போரா’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தமிழரின் பணம்தான் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது என்று கொழும்பில் எத்தனை காலமாக எழுதுகிறார்கள்! இஸ்ரேல் அரசை, அதன் பிரதமரை, அதன் இராணுவத்தைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். காஸாவில் நடப்பதைக் கண்டிக்க வேண்டியது கடமை என்று கருதுகிறவன் நான். ‘யூதர்கள்’ என்று எழுதும்போது ஹன்பரி வீதியில் தையல் வேலை செய்து பிழைத்தவரின் பேரப்பிள்ளையும் அதில் அடங்கிவிடுகிறார்.

கோர்பினின் எதிராளிகள் யூத வெறுப்புக் குற்றச்சாட்டை ஆயுதமாக்கினார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. கட்சி நியமித்த வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டின் அறிக்கை 2022இல் வெளிவந்தபோது, யூத வெறுப்புப் பிரச்சினையைக் கட்சியின் இரு அணிகளுமே ஒன்றையொன்று தாக்கப் பயன்படுத்தின என்று சொன்னது. பலஸ்தீனருக்காகப் பேசியவர்கள் மீது அவசரமாக முத்திரை குத்தப்பட்டதும் உண்டு. ஆணைக்குழுவின் அறிக்கை வந்த அன்றே, கட்சியில் ஒரே ஒரு யூத வெறுப்பாளர் இருந்தாலும் அது அதிகம்தான், ஆனால் பிரச்சினையின் அளவு அரசியல் காரணங்களுக்காக மிகைப்படுத்தப்பட்டது என்று கோர்பின் அறிக்கை விட்டார், அன்றே கட்சியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். அந்தத் தண்டனை மிகையானது என்பது என் கருத்து. எனினும் முறைப்பாடு செய்தவர்கள் நீண்ட காலம் காத்திருந்து கிடைத்த முடிவைக் கையில் பிடித்திருந்த காலைப்பொழுதில், அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஆணைக்குழு கோர்பினைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது என்ற வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறும், அதன் மூன்று முடிவுகளையும் வாசகர்கள் படிக்கும்படி முழுமையாக அச்சிடுமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லண்டன்.