இரண்டரை அடிப் பாதையின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, குறுகிய இருப்புப்பாதைகள் அனைத்தையும் ‘செலவைக் குறைக்கப் போட்ட பொம்மை ரயில்கள்’ என்று ஒதுக்கியிருக்கிறது. செலவைக் குறைக்கத்தான் அவை போடப்பட்டன என்பது உண்மையே. ஆனால் மராட்டியத்தின் பார்ஷி லைட் ரயில்வேயைப் பற்றி அறிந்தவர்கள் ‘பொம்மை’ என்பதை ஏற்க மாட்டார்கள்.

பருத்தி வணிகம் மிகுந்த பார்ஷி நகரிலிருந்து ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் அகலப்பாதை 21 மைல் தள்ளியிருந்தது. அந்த ரயில்வேயில் முன்பு பணியாற்றிய எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1895-இல் லண்டனில் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, 1897-இல் பார்ஷிக்கும் அந்த அகலப்பாதைக்கும் இடையே இரண்டரை அடி அகலமுள்ள பாதையைத் திறந்தார். தண்டவாளத்தை வருத்துவது வண்டியின் மொத்த எடையன்று, ஒவ்வொரு சக்கர அச்சின் வழியாகவும் இறங்கும் எடையே என்பது அவருடைய கணக்கு. ஆகவே எஞ்சினாயினும் சரக்கு வண்டியாயினும் எந்த அச்சிலும் ஐந்து டன்னுக்கு மேல் ஏறாதபடி எடையைப் பகிர்ந்து வடிவமைத்ததால், கஜத்துக்கு 30 பவுண்டு எடையே கொண்ட மெல்லிய தண்டவாளத்தின் மேல் கனமான சரக்கை இழுக்க முடிந்தது. எஞ்சின்களைச் செய்தது லீட்ஸ் நகரின் கிட்சன் நிறுவனம். கப்பலேற்றுவதற்கு முன் அந்நகருக்கு அருகிலேயே சோதனைப் பாதை அமைத்து, கால்த்ராப் அவற்றை ஓட்டிக் காட்டினார். (பின்னாளில் இவரே விமானிகளுக்கான பாராசூட்டையும் வடிவமைத்தார், அது தனிக்கதை.)

பாதை 1906-இல் பண்டரிபுரத்தையும், 1911-இல் லாத்தூரையும், 1927-இல் மிரஜையும் எட்டி, மொத்தம் 202 மைலாக வளர்ந்தது. பருத்தியோடு, ஏகாதசிக்கு விட்டலனைத் தரிசிக்கச் செல்லும் அடியார் கூட்டமும் அதற்கு வருவாய் தந்தது. பெரிய கம்பெனிகள் பல முன்னரே அரசின் கைக்குப் போய்விட்ட பிறகும், இச்சிறு கம்பெனி 1954 வரை தனியார் உடைமையாகவே நீடித்ததை அக்கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

இன்று அது அகலப்பாதையாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டு வறட்சியில் மிரஜிலிருந்து லாத்தூருக்குத் தண்ணீர் ரயில் சென்றதும், அக்கம்பெனி ரயிலால் இணைத்த ஊர்களுக்கிடையேதான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளியாகுமானால், பாதையின் அகலத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறாமல், அச்சு எடை, ஏற்றிய சரக்கு, அது சென்று சேர்ந்த ஊர்கள் ஆகியவற்றையும் கணக்கிலெடுத்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்