உச்சிக்கு ஒரு கணக்கு, திரும்ப ஒரு கணக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ஏழு பேர் சேர்ந்து ஒரே நாளில் 32 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம், இரண்டு மாதம் கழித்து அதே கூட்டத்தோடு 4,000 மீட்டருக்கு மேல் ஒரு சிகரம் என்று எழுதியிருக்கிறாய். கேட்கவே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் எங்கே பார்த்தாலும் கிலோமீட்டர்தான், மணி ஒரு இடத்தில்கூட இல்லை. மலையில் தூரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் பொழுது எந்த இடத்தில் சாயும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வேலையாக உன் பாதையை மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

16 கிலோமீட்டர் ஏறி, உச்சியைத் தொட்டு, அதே வழியில் திரும்புவது. ஏற்றம் 1,800 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் மைலிலும் அடியிலும் சொன்ன கணக்கை மீட்டருக்கு மாற்றினால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போகும்போது தூரத்துக்கு 3 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 3 மணி, ஆக 6 மணி 12 நிமிடம். திரும்ப 3 மணி 12 நிமிடம். மொத்தம் 9 மணி 24 நிமிடம், அதுவும் எங்கேயும் உட்காராமல். இறக்கத்தை நெய்ஸ்மித் கணக்கில் எடுக்கவில்லை. பின்னால் எரிக் லாங்முயர் என்ற மலையேறி அதைத் திருத்தினார்: 12 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டு, மிதமான சரிவில் அதே 10 நிமிடத்தைக் கழி. நான் கூட்டுவேன், கழிக்க மாட்டேன். உன் பாதையில் பாதி இறக்கம் செங்குத்து என்பதால் அதற்கு அரை மணி சேர்த்துக்கொள்.

"இது நடப்பவர்கள் கணக்கு, நாங்கள் ஓடுகிறோமே" என்பாய். உண்மைதான், தனியாக ஓடினால் இதைவிடச் சீக்கிரம் முடியும். ஆனால் ஏழு பேர் என்றால் கதை வேறு. ஒருவர் ஷூ லேஸ் கட்ட நின்றால் ஏழு பேரும் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை, தடவைக்கு மூன்று நிமிடம் என்றாலே 42 நிமிடம் போய்விடும். ஓடிச் சேமித்த நேரமெல்லாம் இப்படித்தான் கரையும். ஜாக்கெட் கழற்ற ஒருவர் நிற்கும்போதே மற்ற ஆறு பேரும் தண்ணீர் நிரப்பி, சாப்பிட்டு, மறைவுக்குப் போக வேண்டியதையும் முடித்துவிடுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். கணக்குப்படி உச்சி 11:15 வாக்கில் வரும். 12 மணி என்பது திரும்பும் நேரம். உச்சி இருநூறு மீட்டரில் கண்ணெதிரே தெரிந்தாலும் 12 அடித்தால் திரும்ப வேண்டியதுதான். இதை வீட்டிலேயே முடிவு செய்து, ஏழு பேரும் சம்மதித்துவிட்டு வர வேண்டும். மேலே போய் வாக்கெடுப்பு நடத்தினால் உச்சிதான் எப்போதும் ஜெயிக்கும். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் மலைமுகட்டில் இடிமேகம் திரள்வது வழக்கம், அதற்காகவும் இந்த நேரம். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறாய் என்று அர்த்தம். முகட்டை விட்டும், தனித்து நிற்கும் மரத்தை விட்டும் இறங்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி மேலே ஏறாதே.

கூட்டம் பற்றி இன்னொன்று. வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார். அவரைப் பார்த்ததும் "சரி, வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். முன்னால் போனவருக்குப் பத்து நிமிட ஓய்வு, அது தேவைப்பட்ட ஆளுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இப்படி நான்கு முறை நடந்தால் அந்த ஆளின் கால் இடறும், பிறகு ஏழு பேரின் நாளும் அங்கேயே நின்றுவிடும். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, மெதுவாகப் போகிறவரை இரண்டாவது இடத்தில் விடுவது. முன்னால் போகிறவர் அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வேகத்தைச் சரிசெய்துகொள்வார். கடைசியில் ஒரு அனுபவசாலி வரட்டும், முதலுதவிப் பை அவரிடம் இருக்கட்டும். விழுந்த ஆளைத் தாண்டி முன்னால் போய்விட்ட பையால் என்ன பயன்? பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர், பின்னால் வருபவர் கண்ணால் பார்க்கும்வரை நிற்க வேண்டும்.

இறக்கத்துக்கு வருகிறேன். ஏறும்போது மூச்சுதான் முட்டும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி பிரேக் போடுகிறது. அந்த வேலையில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழும், அது நின்றால் தீராது. 25-ஆவது கிலோமீட்டரில் கால் நடுங்குவதற்கும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் போவதற்கும் காரணம் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இந்த அடி வாங்கிய தசை சில வாரங்களுக்கு அடுத்த அடியை நன்றாகத் தாங்கும். அதனால் ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் 500, 600 மீட்டர் தொடர் இறக்கம் ஒன்றை இறங்கிவிடு. கடைசி வாரத்தில் வேண்டாம், அந்த வலியோடுதான் மலைக்கு வர வேண்டியிருக்கும். இறங்கும்போது காலை நீட்டி குதிகாலில் குத்தாமல், முழங்கால் லேசாக மடங்கியபடி சின்னச் சின்ன எட்டாக வை. கண் பாதத்தில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் ஓட வேண்டும்.

கால்விரல் நகம் கறுத்துப்போகிறது என்று எழுதியிருந்தாயே, ஷூ சின்னது என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடாதே. பல நேரம் லேஸ்தான் குற்றவாளி. ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்காலுக்குப் பக்கத்தில், யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும், பார்த்திருப்பாய். குதிகாலைப் பின்னால் நன்றாகத் தட்டி உட்காரவை. லேஸை வழக்கம்போல் கட்டிக்கொண்டு வந்து, கடைசி ஓட்டையிலிருந்து குறுக்கே போகாமல் அதே பக்கத்தில் இருக்கும் அந்தக் கூடுதல் ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கு. மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, மேல்நோக்கி இல்லாமல் கீழ்நோக்கி இழு. கணுக்கால் இறுகும், விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும், சரிவில் கால் முன்னால் வழுக்காது. அதற்குப் பிறகும் நகம் இடித்தால் அப்போது ஷூவைச் சந்தேகப்படு. நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், ஏனென்றால் பல மணி நேரத்தில் பாதம் வீங்கும்.

காலில் கொப்புளம் வருவதற்கு முன்னால் உராயும் இடம் சுடும். "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பார்க்கப்போவது கொப்புளத்தைத்தான். சுட்டவுடனே நிறுத்தி, சாக்ஸைக் கழற்றி, மணலைத் தட்டி, தோலைத் துடைத்து உலரவிட்டு டேப் ஒட்டு. டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிக்கொள், கூர் மூலைதான் முதலில் உரிந்து சுருளும். சுருக்கம் இல்லாமல் ஒட்டு. ஸ்போர்ட்ஸ் பிரா கீழ்ப்பட்டையும் பையின் தோள்பட்டையும் உராயும் இடங்களில் கிளம்பும் முன்பே வாசலின் தடவிவிடு. வியர்வை உப்பு படிந்த பிறகு தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சாப்பாட்டையும் மணிக்கணக்கில் வை. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும். பாக்கெட்டிலிருந்து பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் மட்டுமே என்றால் நான்காவது மணியில் வயிறு புரளும், உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு கொஞ்சம் கூட இருக்கட்டும். பசித்த பிறகு சாப்பிட ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தால் உன் பாதைக்கு ஐந்து லிட்டர் வரும். ஐந்து கிலோவை யார் சுமப்பது? ஒன்றரை லிட்டர் கையில், மீதி ஓடையில், நடுவில் ஒரு ஃபில்டர். நுண்குழாய் ஃபில்டர் என்றால் அது ஒருமுறை உறைந்துவிட்டாலே உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. குளிர் இரவில் அதை உன்னோடு ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துத் தூங்கு.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தின் உப்புச்சத்து, குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தது. மோதிரம் இறுகி, தலை வலித்து, குமட்டி, பேச்சு குழறினால் "தண்ணி குடி" என்று வற்புறுத்தாதே, நிலைமை மோசமாகும். தண்ணீரை நிறுத்திவிட்டு உதவிக்கு ஆள் அனுப்பு. தாகம் எடுத்தால் குடிப்பது என்பதே நல்ல விதி.

குளிரைப் பற்றி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 20 என்றால் உன் உச்சியில் 8 டிகிரி, காற்றும் நனைந்த உடுப்பும் சேர்ந்தால் அதைவிடக் கடுமை. ஓடும்வரை உடம்பு சூட்டைத் தயாரிக்கும். கணுக்கால் சுளுக்கி நின்ற பத்து நிமிடத்தில்தான் குளிர் பிடிக்கும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று காற்றும் ஆலங்கட்டி மழையும் வந்து, 21 பேர் உடல் குளிர்ந்து இறந்துபோனார்கள். பலர் அரைக்கால் சட்டையும் டீ-சர்ட்டும்தான் போட்டிருந்தார்கள். அதனால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆளுக்கொரு மழை ஜாக்கெட் (தையல் வழியே தண்ணீர் புகாதபடி அடைத்தது), ஒரு முழுக்கை உடுப்பு, தொப்பி, கையுறை, உடம்புச் சூட்டைக் காக்கும் எமர்ஜென்சி பை. போர்வை மாதிரி விரிக்கும் வெள்ளித்தாள் காற்றில் பறக்கும், பை மாதிரி உள்ளே நுழைவதை வாங்கு. பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. ஹெட்லாம்ப் பகலில் முடியும் ஓட்டத்துக்கும் கட்டாயம். விசிலை பைக்குள் போடாமல் தோள்பட்டையில் கட்டு. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவதுதான் ஆபத்துக் குறி. பதில் குறி நிமிடத்துக்கு மூன்று.

சிகரத்துக்கு இன்னும் நாள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழகும் முன்னால் ஏறிவிட்டால் உயர நோய் வரும், அதனால் அங்கே மணிக்கணக்கு போய் இரவுக்கணக்கு வந்துவிடும். 3,000 மீட்டருக்கு மேல், முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்காதே. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்கு. பகலில் உயரம் போய்விட்டு இறங்கி வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட. தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால் அங்கேயே தங்கு, குறையாவிட்டால் இறங்கு. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறார் என்றால், இரவானாலும் உடனே இறக்கியாக வேண்டும், துணைக்கு ஒருவரோடு. வேகமாக ஓடுகிறவர்களுக்கு உயர நோய் வராது என்று உன் கூட்டத்தில் யாராவது சொன்னால் நம்பாதே. உடல்தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக ஓடுகிறவர்கள் சீக்கிரம் ஏறிவிடுவதால் அவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் பாதை, ஏழு பேர் பெயர், திரும்பும் நேரம், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் மீட்புக்குச் சொல்ல வேண்டும் என்ற நேரம், எல்லாம் எழுதி, மலைக்கு வராத ஒருவரிடம் கொடு. அந்த ஆள் நானாகவே இருந்துவிடுகிறேன். 12 மணிக்குத் திரும்பி, 4 மணிக்கு அடிவாரம், தாமதத்துக்கு மூன்று மணி. இரவு 7 ஆகியும் உன் செய்தி வரவில்லை என்றால் மீட்புக் குழுவுக்குப் போன் போட்டுவிடுவேன். இறங்கியதும் அசந்து தூங்கிவிடாதேடி, முதலில் ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
வாசுகி