கேஷ் நம் காசுதான், ஆனால் அந்த கேஷ் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்திருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். 'நாம் அன்றாடம் சொல்லும் கேஷ் என்பதும் நம் காசுதான்' என்ற வரியில் தலை நின்றுவிட்டது. வங்கியில் 31 வருஷம் இருந்தவன் நான், அதில் பெரும்பகுதி கேஷ் கவுன்டரில். மற்ற சொற்கள் எப்படியோ போகட்டும், இந்தச் சொல்லை மட்டும் சும்மா விட முடியவில்லை.

கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கூண்டுக்கு மேலே ஆங்கிலத்தில் கேஷியர் என்றும் தமிழில் காசாளர் என்றும் பலகை தொங்கும். பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவர் மாதம் தவறாமல் அதை அண்ணாந்து பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானே சாரே, வெள்ளக்காரன் நம்ம கிட்டேருந்து எடுத்ததுதானே" என்பார். நானும் ஆமாம் போட்டுவிட்டு நோட்டை எண்ணிக் கொடுப்பேன்.

விஷயம் என்னவென்றால், ஆங்கிலத்தில் சி, ஏ, எஸ், எச் என்று நான்கே எழுத்தில் எழுதும் அந்தச் சொல் உண்மையில் இரண்டு சொற்கள். நல்ல ஆங்கில அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவே இருக்கும்.

ரொக்கம் என்ற பொருளில் ஊரெல்லாம் புழங்கும் கேஷ் ஐரோப்பாவிலேயே பிறந்தது. பெட்டியைக் குறிக்கும் காப்ஸா என்ற லத்தீன் சொல் இத்தாலியில் காஸா ஆகி, பிரெஞ்சில் கேஸ் ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் அதற்குப் பணப்பெட்டி என்றுதான் அர்த்தம். பெட்டியின் பெயர் அப்புறம் உள்ளே கிடந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடைகளில் 'இன்னைக்குக் கல்லா எவ்வளவு?' என்று கேட்கிறோமே, அதே மாதிரி. கல்லாவை எண்ணியாச்சு என்று சொல்கிறவர் பெட்டியையா எண்ணினார்? பிரான்சில் இன்றைக்கும் கடையில் பணம் கட்டும் இடத்துக்குப் பெயர் அந்தப் பழைய பெட்டிதான்.

நம்முடையது இன்னொரு கேஷ். போர்ச்சுகீசியர் நம் கடற்கரையில் வியாபாரம் செய்தபோது, காசு என்ற சொல்லைத் தங்கள் வாய்க்கு வந்தபடி கைஷா என்று எழுதிக்கொண்டார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஏனென்றால் அவர்கள் மொழியில் கைஷா என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, பொருள், பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் வாரிசு. ஆக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஆங்கிலத்துக்குப் போகும் முன்பே போர்ச்சுகீசிய எழுத்தர் பேனாவில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டன. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டுமே ஆங்கிலத்தில் தலைகாட்டுகின்றன.

இந்த நம்மூர் கேஷுக்கு ரொக்கம் என்ற பொருள் கிடையாது. அது ஒரு சில்லறைக் காசின் பெயர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு இப்படி: 80 கேஷ் ஒரு பணம் (அப்போது பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். 1818-ல் ரூபாய்க்கு மாறும்வரை என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் இந்தக் கணக்கை எப்படித்தான் போட்டார்களோ, நினைத்தாலே தலை சுற்றுகிறது. சென்னைக்காக 10 கேஷ், 20 கேஷ் செம்புக் காசுகளை 1808 என்று ஆண்டு பொறித்து பர்மிங்ஹாமிலேயே அடித்துக் கப்பலேற்றினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற அந்தக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். 20 கேஷ் காசின் ஒரு பக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ், நாலு ஃபலூஸ்' என்று இருக்கிறது. அந்தக் காஸ்தான் நம் காசு. சீனாவின் சதுர ஓட்டைக் காசுகளையும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே சொல்கிறார்கள். அதுவும் நம் சொல்தான், போர்ச்சுகீசியர் கையோடு கொண்டுபோனது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல். அதற்கு முன் இங்கே ஓடியது திருவிதாங்கூர்ப் பணம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் சட்டைப் பொத்தான் அளவில் சங்கு போட்ட செம்புக் காசுகள் கிடக்கும், அதில் ஆங்கிலத்திலும் கேஷ் என்று பொறித்திருக்கும். சின்ன வயதில் அதை வைத்து விளையாடியவன், பின்னால் 31 வருஷம் கேஷ் கேஷ் என்று சொல்லிக்கொண்டிருந்தும் இது அது இல்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்படியானால் காசாளர்? கேஷியர் பெட்டிக்காரர், அவ்வளவுதான். காசாளர் என்பது காசை ஆள்பவர் என்று நாமே கட்டிய சொல். ஓசையும் பொருத்தம், பொருளும் பொருத்தம், உறவு மட்டும் இல்லை. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது என்பது என் கட்சி, தொழில் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேஷியரிலும் இரண்டு உண்டு என்பது தனிக்கதை. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ராணுவ அதிகாரி 'கேஷியர்' செய்யப்பட்டதாக ஆங்கிலப் பேப்பரில் படித்துவிட்டு, மேஜராக இருந்தவரைக் கொண்டுபோய் கவுன்டரில் உட்கார வைத்துவிட்டார்களே என்று பக்கத்து சீட்காரரிடம் வருத்தப்பட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அன்றைக்குக் கணக்கு முடிக்கவே தாமதமானது. அவமானப்படுத்திப் பதவியைப் பறிப்பது என்பது அதன் பொருள். நம் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்திலும் அதிகாரிகளுக்கான தண்டனைகளில் அது இருக்கிறது. ஒன்றை ரத்து செய்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் டச்சு மொழி வழியாக வந்தது. பெட்டியும் இல்லை, காசும் இல்லை.

கேஸ் என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். சூட்கேஸில் இருக்கும் கேஸ், காப்ஸா வழிப் பெட்டி. கோர்ட்டில் நடக்கும் கேஸ், விழுவதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் தலையில் வந்து விழுவது என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. போலீஸ் பாஷையில் சில்லறை வழக்குக்குப் 'பெட்டி கேஸ்' என்கிறோம். அந்தப் பெட்டி, சின்னது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இதைத் தமிழ்ப் பெட்டி என்றும், கேஸைச் சூட்கேஸ் என்றும் எடுத்துக்கொண்டால் 'பெட்டிப் பெட்டி' என்று வந்து நிற்கும். ஒலியை மட்டும் வைத்துச் சொல்லாராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த இதழில் கறி என்று அறிவிப்பு போட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆங்கில கர்ரி நம் கறிதான். அதுவும் போர்ச்சுகீசியர் வழியாகப் போனதே. 1747-ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கர்ரிக்குச் செய்முறை இருக்கிறது. அகநானூற்றில் யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பும் இடத்தையும் உங்கள் கட்டுரையாளர் சேர்ப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கறி மிளகு என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் ஒருவரைக் காக்காய் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' என்கிறார்களே, அதைக் கண்டு, விருந்து வைத்துக் காரியம் சாதிப்பது என்று எழுதிவிட வேண்டாம். எழுத்து அதேதான், சொல் வேறு. குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவதற்கான பழைய பிரெஞ்சுச் சொல் அது. ஃபேவர் என்பதும் முதலில் ஃபேவல்: 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் வரும் கபடக் குதிரையின் பெயர். பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அதைத் தடவிக்கொடுப்பார்கள். குதிரை யாரென்று மறந்துபோன ஆங்கிலேயர், தெரிந்த சொல்லான ஃபேவரை அந்த இடத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் குதிரையை நம் கறிச்சட்டிக்குள் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர்,
தக்கலை.